தசைச் சுருக்கத்தில் சக்திச் செலவும் உஷ்ண உற்பத்தியும்

எலும்புகளைப் பற்றி நின்று அவற்றை இழுத்து அசைக்கும் தசை, சுருங்கும்போது ஆகாரத்தினின்று பெற்ற இரசாயன சக்தியைச் செலவிட்டு, அதில் ஒரு சிறு பங்கை வேலையாகவும் எஞ்சிய பெரும்பங்கை உஷ்ணமாகவும் வெளியிடுகின்றது. ஆடிக் கிருத்திகையன்று காவடி சுமந்து திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறிச் சந்நிதியை அடையும் அடியாரின் உடல் வியர்வையில் நனைந்திருப்பதன் காரணம் ஆடி மாதத்து வெயில் மட்டுமன்று. படி ஒன்றின் உயரம் 16 சென்டிமீட்டர் என்றும், காவடியோடு சேர்த்து அவர் எடை 60 கிலோகிராம் என்றும் வைத்துக்கொண்டால், அவர் செய்த வேலை சுமார் 3,500 கிலோகிராம்-மீட்டர், அதாவது 8 கிலோகலோரிக்குச் சற்று அதிகம். தசைகள் செலவிட்ட சக்தியில் கால் பங்குக்கு மேல் இவ்வாறு வேலையாக மாறுவதில்லை. ஆகவே குறைந்தது 25 கிலோகலோரி உஷ்ணமாகவே பிறந்திருக்க வேண்டும். அது வெளியேறாமல் சரீரத்திலேயே தங்குமாயின் உடலின் வெப்பநிலை ஏறக்குறைய அரை டிகிரி உயர்ந்துவிடும். அதை அகற்றுவதற்காகவே தோல் வியர்க்கின்றது.

இந்த உஷ்ணம் எங்கே, எதனால் பிறக்கின்றது என்ற கேள்விக்கு விடை காண ஐரோப்பிய விஞ்ஞானிகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. சுவாசம் என்பது ஒருவகை மெதுவான எரிதலே என்று பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லவாய்சியே காட்டினார். 1840-இல் ஜாவாத் தீவுக்குச் சென்ற கப்பல் மருத்துவர் ராபர்ட் மேயர், உஷ்ணப் பிரதேசத்தில் மாலுமிகளின் சிரை இரத்தம் வழக்கத்தினும் சிவந்திருக்கக் கண்டு, உடல் தன் சூட்டைக் காப்பதற்கு அங்கே குறைவாக எரித்தால் போதும் என்று ஊகித்து, அந்த ஊகத்தின் வழியே சக்தி அழிவதில்லை என்னும் பெரும் தத்துவத்தை எட்டினார். 1848-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ், தவளையின் காலிலிருந்து பிரித்தெடுத்த தசையைச் சுருங்கச் செய்து, இரத்த ஓட்டம் சிறிதும் இல்லாத நிலையிலும் அது சூடேறுவதை மின்வெப்பமானியால் அளந்து, உஷ்ணம் தசைக்குள்ளேயே உற்பத்தியாகின்றது என்று நிலைநாட்டினார்.

அக்காலத்தில் லீபிக் என்னும் இரசாயன மேதை, தசை தன் புரதத்தையே எரித்து வேலை செய்கின்றது என்று கூறியிருந்தார். அவர் சொல்லை மறுக்கத் துணிந்தவர் சிலரே. ஃபிக், விஸ்லிசேனஸ் என்னும் இருவர் அதைச் சோதிக்க மேற்கொண்ட முறை இவ்வரலாற்றிலேயே மிக அழகானது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. 1865 ஆகஸ்டில் அவர்கள் பல மணி நேரம் முன்னதாகவே புரத உணவை விலக்கி, மாவுப் பண்டமும் கொழுப்பும் மட்டும் உண்டு, ஸ்விட்சர்லாந்தின் ஃபால்ஹார்ன் மலையில் 1,956 மீட்டர் ஏறினர். 66 கிலோகிராம் எடையுள்ள ஃபிக் செய்த வேலை 1,29,096 கிலோகிராம்-மீட்டர். ஏறும்போதும் ஏறிய பின்னரும் கழித்த சிறுநீரிலுள்ள நைட்ரஜனை அளந்து, எரிந்த புரதம் எவ்வளவு என்று கணக்கிட்டனர். உணவுப் பொருள்களின் எரிசக்தியை ஃபிராங்க்லண்ட் என்பவர் அளந்து கொடுத்தபோது, அந்தப் புரதம் முழுவதும் வேலையாகவே மாறியிருந்தாலும், மலையேறிய வேலையில் ஏறக்குறையப் பாதிக்கே அது ஈடாகும் என்று தெளிவாயிற்று. மாவும் கொழுப்பும் தசைக்கு எரிபொருள் ஆகும் என்பது இவ்வாறு ஒரு மலையேற்றத்தால் உறுதிப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் இத்துறையை ஆண்டவர் ஆங்கிலேயராகிய ஏ. வி. ஹில். தவளைத் தசையின் ஒரே துடிப்பில் உயரும் வெப்பம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவே. அதையும் பிடித்தறியும் நுண்கருவிகளை அமைத்து, சுருக்கத்தின்போது எழும் உஷ்ணம் ஒன்று, பிராணவாயுவின் துணையால் நிமிஷக்கணக்கில் பின்தொடரும் உஷ்ணம் மற்றொன்று என்று அவர் பகுத்தார். சுருக்கத்துக்குப் பிராணவாயு உடனடியாக வேண்டியதில்லை, பின்னர் மீட்சிக்கே வேண்டும் என்பது அதனால் விளங்கியது. 1922-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்கும் மையர்ஹோஃபுக்கும் கிடைத்தது. அடுத்த ஆண்டில் ஃபென் என்பவர், சுமை தூக்கிக் குறுகும் தசை, குறுகாமல் இழுத்து நிற்கும் தசையைக் காட்டிலும் மிகுதியான சக்தியை விடுவிக்கின்றது என்று கண்டார். தசை வேலையின் அளவறிந்து செலவிடுகின்றது என்பதற்கு இது முதற்சான்று. குறுகும் தூரத்துக்கு ஏற்ப உஷ்ணம் மிகும் என்று ஹில் 1938-இல் வெளியிட்ட விதியை, சுமையும் அதைப் பாதிக்கின்றது என்று 1964-இல் தாமே திருத்தியது அவர் சத்திய நிஷ்டைக்குச் சான்றாகும்.

ஆயினும் சுருக்கத்தை நேரே தூண்டும் பொருள் லாக்டிக் அமிலமே என்று ஹில் உட்பட எல்லாரும் அந்த நோபெல் பரிசுக் காலத்தில் நம்பினர். அந்நம்பிக்கை தகரக் காரணமானவருள் ஒருவர் நம் சென்னையில் பயின்றவர். பீமவரத்தில் 1895-இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அந்நாளில் அவ்வூர் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்தமையால், இராஜதானியாகிய சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் கற்றார். காந்தியடிகளின் அழைப்புக்கிணங்கக் கதர் அணிந்து அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானதால் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது என்று அவர் சரிதம் எழுதியோர் கூறுவர். ஆயுர்வேதக் கல்லூரியில் சிறிதுகாலம் போதித்தபின் 1922-இல் அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து, பாஸ்பரத்தை நீலநிறத்தின் அடர்த்தியால் அளக்கும் முறையை 1925-இல் வகுத்தார். தசைச் சாற்றில் அந்த நீலம் ஒரேயடியாகத் தோன்றி நில்லாமல் மெல்ல மெல்ல ஏறியது. வேறொருவர் பிழையென்று தள்ளியிருக்கக்கூடிய அந்தத் தாமதத்தை இருவரும் விடாது ஆராய்ந்து, எளிதில் சிதையும் புதிய பொருளொன்று தசையில் உண்டு என்றும், அது பாஸ்போகிரியேட்டின் என்றும் 1927-இல் அறிவித்தனர். தசை உழைக்கும்போது அது குறைந்தது. ஓய்வில் மீண்டும் நிறைந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் இதையே வேறு வழியில் கண்டனர்.

மூன்றாண்டுகளுக்குப் பின் டென்மார்க் தேசத்து லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலமே பிறவாதபடி நஞ்சூட்டிய தசையும் சிறிது நேரம் சுருங்குவதையும், அப்போது பாஸ்போகிரியேட்டின் கரைவதையும் காட்டினார். இதைத் ‘தசையியலில் ஒரு புரட்சி’ என்று அழைத்தவர் ஹில்லே. 1929-இல் லோமனும், தனித்து ஃபிஸ்கே–சுப்பாராவும் கண்டெடுத்த ஏ.டி.பி. என்னும் பொருள்தான் சுருக்கத்தின் நேரடிச் சக்தி என்ற கருத்து அதன் பின் வலுப்பெற்றது. 1939-இல் ரஷ்யாவின் எங்கெல்ஹார்ட்டும் லியூபிமோவாவும் தசைப் புரதமாகிய மயோசினே அதைச் சிதைக்கின்றது என்றனர். குதிரில் நெல் நிறைந்திருப்பினும் உலைக்கு வேண்டியது குத்திய அரிசியே. அதுபோலக் கொழுப்பும் மாவும் எவ்வளவு இருப்பினும் தசை உடனே செலவிடக்கூடியது ஏ.டி.பி. ஒன்றே. அதன் இருப்போ கடும் உழைப்பில் சில விநாடிக்கே போதுமாதலால், பாஸ்போகிரியேட்டின் அதை உடனுக்குடன் நிரப்புகின்றது. ஒரே சுருக்கத்தில் ஏ.டி.பி. உண்மையாகவே குறைகின்றது என்பதைக் கெய்னும் டேவிஸும் 1962-இல்தான் நேரில் அளந்து காட்டினர்.

ஏறுவதும் இறங்குவதும் தசைக்கு ஒன்றல்ல. 1952-இல் அபட், பிக்லண்ட், ரிச்சி ஆகிய மூவர் இரு சைக்கிள்களை ஒரே சங்கிலியால் பிணைத்து, ஒருவர் முன்னோக்கி மிதிக்க மற்றவர் அதை எதிர்த்துத் தடுக்கச் செய்து, நீளும்போது இழுத்துத் தாங்கும் தசை, அதே விசைக்குக் குறுகும் தசையைவிட மிகக் குறைந்த பிராணவாயுவையே செலவிடுகின்றது என்று நிரூபித்தனர். ஏறுகையில் மூச்சிரைத்தவர் இறங்குகையில் தாராளமாகப் பேசிக்கொண்டு வருவது இதனாலேயே; மறுநாள் தொடை வலிப்பதற்குப் பெரிதும் காரணம் இறக்கமே.

குளிரில் நடுங்கும்போது வெளியே வேலை ஏதும் நிகழாமலே தசை உஷ்ணத்தைத் தருகின்றது. நடுக்கமும் இன்றி இது நிகழக்கூடும் என்பதை ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முத்து பெரியசாமி குழுவினர் 2012-இல் வெளியிட்டனர். தசைநாருக்குள் கால்சியத்தை இறைக்கும் புரதத்தை சார்க்கோலிப்பின் என்னும் சிறு புரதம் பற்றும்போது, இறைப்பு வீணாகி, செலவான ஏ.டி.பி. உஷ்ணமாகின்றது. பழுப்புக் கொழுப்பும் நீக்கப்பட்டு, சார்க்கோலிப்பினும் இல்லாத எலிகளால் 4 டிகிரிக் குளிரில் உடற்சூட்டைக் காத்துக்கொள்ள இயலவில்லை.