அரைமயக்கமும் அதன் காவலும்

மனித உடலின் உட்புறத்தை நேரே கண்ணால் காண வேண்டும் என்னும் வேட்கை வைத்தியர்களுக்கு நெடுநாளாக இருந்து வந்தது. 1868-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிரைபுர்க் நகரில் அடால்ஃப் குஸ்மால் என்னும் மருத்துவர் நேரான உலோகக் குழாயொன்றை இரைப்பைவரை செலுத்தினார். அதற்கு இசைந்தவர் வாள் விழுங்கும் வித்தைக்காரர். தொண்டையை அடக்கப் பழகாத எளிய நோயாளிக்கு அது இயலுமா? இக்கேள்விக்கு விடை காண ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

1932-இல் ருடால்ஃப் ஷிண்ட்லர் ஓரளவு வளையும் கருவியை அளித்தார். 1957-இல் அமெரிக்காவில் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் கண்ணாடி இழைகளாலான, நன்கு வளையும் கருவியைத் தாமே விழுங்கிச் சோதித்தார். கருவி இளகிற்று, ஆயினும் நோயாளியின் அச்சமும் குமட்டலும் முற்றும் நீங்கவில்லை.

1963-இல் டயஸிபாம் விற்பனைக்கு வந்தது. இதனை இரத்தக்குழாயில் செலுத்தினால் அச்சம் தணியும். சோதனையின் நினைவும் மங்கும். பின்னர் வந்த மிடசோலம் அதனினும் வீரியம் மிக்கது. அமெரிக்காவில் 1985-இல் அது அனுமதி பெற்ற பின், அளவு மிஞ்சியதாலும், அபின் இன மருந்துகளுடன் சேர்ந்ததாலும், மூச்சுத் தளர்ந்து உயிரிழப்புகள் நேர்ந்தன. நோவைத் தணிப்பது மட்டும் போதாது, மூச்சையும் காக்க வேண்டும் என்பதை மருத்துவ உலகம் இவ்வாறு கற்றது.

அக்காவலுக்குத் துணையானது, விரல் நுனியில் பொருத்தி இரத்தத்தின் பிராணவாயுவை அளக்கும் கருவி. ஜப்பானியர் டகுவோ அவோயாகி 1974-இல் வெளியிட்ட தத்துவத்தில் பிறந்தது அது. மிடசோலத்திற்கு மாற்று மருந்தாக ஃப்ளூமசெனிலும் கிடைத்தது. 1986-இல் புழக்கத்திற்கு வந்த புரொபோஃபால் விரைவில் மயக்கி, விரைவில் தெளிவிக்கிறது. ஆனால் அதற்கு மாற்று மருந்து இல்லை. ஆதலின், மூச்சைக் காப்பதில் தேர்ந்த ஒருவர் அருகிலிருந்தே அதனைச் செலுத்த வேண்டும்.

காலையில் சென்று மாலையில் திரும்பும் நோயாளியிடம் இவ்வரலாறு ஒரு கடமையைக் கேட்கிறது. கண் விழித்தவுடன் அறிவு முழுதும் தெளிந்துவிடுவதில்லை. அன்று வண்டி ஓட்டலாகாது, பத்திரங்களில் கையொப்பமிடலாகாது, வீட்டுக்கு அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். உற்றார் உறவினரைப் பிறந்த ஊரில் விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நாம், அண்டை வீட்டாரையோ அலுவலக நண்பரையோ முன்னரே வேண்டிக்கொள்ளுதல் நலம். உண்ணும் மருந்துகளையும், உறக்கத்தில் குறட்டையோடு மூச்சுத் தடைபடும் வழக்கம் இருந்தால் அதனையும், வைத்தியருக்கு விளங்கும் மொழியில் எழுதிக் கொடுப்போமாக. துணைக்கு ஒருவரும் கிடைக்காவிடில், தொண்டையை மட்டும் மரக்கச் செய்து இரைப்பைச் சோதனையை நடத்த இயலுமா என்றும் கேட்கலாம்.