கண்டவரும் தண்டிப்பவரும்: திருகோணமலையிலிருந்து பார்க்கும் அரச நிதிப் புலனாய்வு வரலாறு

ஹியூ கிளெக்ஹோர்ன் என்ற பெயரை இலங்கைத் தமிழர் அரசியல் மேடைகளில் பலமுறை கேட்டிருப்பார்கள். தீவின் வடக்கும் கிழக்கும் தமிழர் பகுதி என்று 1799 ஜூனில் அவர் எழுதிய குறிப்பு அத்தனை பிரபலம். அதே ஆண்டில் அதே மனிதர் ஒரு கணக்கு விவகாரத்தில் சிக்கியதை அதே மேடைகள் பேசுவதில்லை. மன்னார்க் கடலில் அந்த ஆண்டு நடந்த முத்துக்குளிப்பின் வருமானத்தில் முறைகேடு இருப்பதாக ஆளுநர் பிரெடரிக் நோர்த் சந்தேகித்தார். அரசாங்கத்தின் தலைமைச் செயலாளராக இருந்த கிளெக்ஹோர்ன் மறு ஆண்டே பதவியைத் துறந்து ஊர் திரும்பினார். சந்தேகப்பட்டவர், விசாரிக்க வைத்தவர், முடிவு செய்தவர் எல்லாம் ஆளுநர் ஒருவரே.

பிரித்தானியர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தது 1795 ஓகஸ்டில். முதல் சில ஆண்டுகள் கரையோரத்தின் வரி வசூல் சென்னையிலிருந்து வந்த கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரிகள் கையில் இருந்தது. அவர்களின் வசூல் முறை 1797இல் மக்களைக் கிளர்ந்தெழ வைத்தது. மறு ஆண்டு ஆளுநர் நோர்த் வந்தார். 1799இல் செசில் சிமித் என்பவர் கணக்காளராகவும் கணக்காய்வாளராகவும் நியமிக்கப்பட்டார். இன்றைய தேசிய கணக்காய்வு அலுவலகம் தன் வரலாற்றை இந்த நியமனத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் கணக்கு எழுதும் பொறுப்பும் எழுதிய கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பும் ஒரே மேசையில் இருந்தன. இவற்றைப் பிரிப்பதுதான் அரச நிதிப் புலனாய்வின் முதல் படி. அடுத்த படி மோசடியைக் கண்டவருக்கும் அதற்காக வழக்குத் தொடுப்பவருக்கும் இடையே பாலம் போடுவது. அதற்கு இரு நூற்றாண்டுகள் பிடித்தன. அந்தப் பாலம் இன்னும் முழுதாக முடியவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

துறைமுகத்தில் மட்டும் கதை வேறு. 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பொய்யான பிரகடனத்தோடு வந்த பொருளைச் சுங்க அதிகாரி தானே பிடிக்கலாம். திணைக்களத்துக்குள்ளேயே விசாரணை நடத்தலாம். பொருளைப் பறிமுதல் செய்து, அதன் பெறுமதியில் மூன்று மடங்கு வரை தண்டமும் விதிக்கலாம். தண்டப் பணத்தில் ஒரு பகுதி தகவல் கொடுத்தவருக்கும் பிடித்த அதிகாரிகளுக்கும் வெகுமதியாகப் போகிறது. கண்டுபிடிப்பும் தண்டனையும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் வேகம் இருந்தது. அந்த வேகத்துக்கு விலையும் உண்டு: தண்டத்தில் பங்குள்ளவர் நடத்தும் விசாரணையின் நடுநிலையை வெளியிலிருந்து ஒருவர் பார்க்க வேண்டியிருக்கிறது. திருகோணமலையின் பெரிய கொடுக்கல் வாங்கலான கடற்படைத் தளமோ 1957 வரை பிரித்தானியர் வசம் இருந்தது. அதன் கணக்கு லண்டனுக்குரியது.

சுங்கத்துக்கு வெளியே, மாவட்டச் செயலகமான கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் மாகாணத் திணைக்களத்திலும், ஒரு மூத்த புலனாய்வாளரின் வேலை காகிதத்தில் தொடங்குகிறது. பணம் கட்டியவருக்கு அரச அலுவலகம் கொடுப்பது ‘பொது 172’ பற்றுச்சீட்டு. பணம் வெளியே போக வேண்டுமானால் ‘பொது 35’ உறுதிச்சீட்டு வேண்டும். பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் காபன் பிரதியில் உள்ள தொகை, காசேட்டில் பதிந்த தொகை, வங்கியில் வைப்பிட்ட தொகை, இந்த மூன்றின் திகதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே பாதி மோசடி வெளியே வந்துவிடும். திங்கட்கிழமை வாங்கிய பணம் வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போயிருந்தால், இடைப்பட்ட நாள்களில் அது எங்கே இருந்தது என்பதே முதல் கேள்வி. அடுத்த வாரம் வாங்கிய பணத்தைக் கொண்டு முந்தைய வாரத்துப் பள்ளத்தை நிரப்பும் பழைய தந்திரம் இந்தத் திகதிகளில்தான் பிடிபடும்.

வேலைத் திட்டங்களில் சோதனை இன்னும் நுணுக்கமானது. வீதிக்குக் கிரவல் பறித்ததாக வரும் சிட்டையில் லொறியின் இலக்கம் எழுதியிருக்கும். அந்த இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவோடு ஒப்பிட்டால், சில வேளைகளில் அது மோட்டார் சைக்கிளின் இலக்கமாக இருக்கும். நாள் வரவுப் பதிவில் ஒரே கையெழுத்து பல பெயர்களுக்கு நேரே ஓடியிருக்கும். பிறகு புலனாய்வாளர் அளவுநாடாவோடு வீதிக்கே போக வேண்டும்: எத்தனை மீற்றர் நீளம், எவ்வளவு தடிப்பு, சிட்டையில் சொன்ன கனம் தரையில் இருக்கிறதா? அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய அறிக்கை நீதிமன்றத்தில் நிற்காமல் போவதற்கு, இந்தக் கடைசிப் படியைத் தவிர்த்துவிடுவது ஒரு முக்கியக் காரணம்.

அரசாங்க நிதிப் பிரமாணம் 104 இதற்கெல்லாம் கால எல்லை வைத்திருக்கிறது. அரசுக்கு இழப்பு ஏற்பட்டால் ஏழு நாளுக்குள் ஆரம்ப அறிக்கை, மூன்று மாதத்துக்குள் முழு அறிக்கை. யார் பொறுப்பு, எவ்வளவு அறவிடலாம், இனி எப்படித் தடுக்கலாம் என்று அதில் சொல்ல வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அறிக்கையை எழுதுவது அந்தத் திணைக்களமே. தன் வீட்டுத் திருட்டைத் தானே விசாரிக்கும் இந்த முறையால் எத்தனையோ கோப்புகள் ஆண்டுக்கணக்கில் நகராமல் கிடக்கின்றன.

வெளியிலிருந்து விசாரிக்கும் முயற்சி அரசியல்வாதிகளின் இலஞ்சத்தில் தொடங்கியது. 1940களின் தொடக்கத்தில் எல்.எம்.டி. டி சில்வாவின் ஆணைக்குழு அரசாங்க சபை உறுப்பினர்களை விசாரித்தது. சுதந்திரத்துக்குப் பின் 1954ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க இலஞ்சச் சட்டமும், 1958இல் இலஞ்ச ஆணையாளர் திணைக்களமும் வந்தன. இலஞ்ச வழக்குகளுக்கெனத் தனி நியாய சபையும் அமைந்தது. அந்தச் சபை நெடுநாள் நிலைக்கவில்லை. அது தண்டித்த ரணசிங்க என்பவரின் வழக்கில் 1964இல் லண்டன் பிரிவி கவுன்சில், நீதிச்சேவை ஆணைக்குழு நியமிக்காதவர்கள் நீதித்துறை அதிகாரத்தைச் செலுத்த முடியாது என்று சொல்லித் தண்டனையைச் செல்லாததாக்கியது. மோசடி நடந்ததா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவரின் நியமனமே வழக்கை முறித்தது.

கிழக்கு மாகாணத்துக்கு நேரடித் தொடர்புள்ள வழக்கு அடுத்து வந்தது. 1959இல் அமைத்த தல்கொடபிட்டிய ஆணைக்குழு இலஞ்சம் பெற்றதாகக் கண்டவர்களில் கல்முனை உறுப்பினர் எம்.எஸ். காரியப்பரும் ஒருவர். ஆணைக்குழுவின் முடிவு தண்டனையாக மாறவில்லை. ஆகவே 1965இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அவர்களின் குடியியல் உரிமைகளைப் பறித்தது. காரியப்பர் வழக்காடினார், 1967இல் பிரிவி கவுன்சில் அந்தச் சட்டம் செல்லும் என்றது. விசாரணை முடிந்து தண்டனைக்கு ஐந்து ஆண்டு, மேன்முறையீட்டுக்கு மேலும் இரண்டு. அதுவும் பெயர் குறித்து ஒரு சட்டமே இயற்றி!

வருமானத்துக்கு மிஞ்சிய சொத்தைச் சொத்துக்காரரே விளக்க வேண்டும் என்ற விதி இலஞ்சச் சட்டத்தில் பின்னர் சேர்ந்தது. 1954 மார்ச் 1க்குப் பின் வாங்கிய சொத்துகளுக்கு அது பொருந்தியது. இலஞ்சம் கைமாறிய கணத்தை எவரும் காண்பதில்லை. வீட்டையும் காணியையும் எல்லோரும் காண்கிறார்கள். இந்த ஒரு விதி புலனாய்வின் திசையையே மாற்றியது. 1994இல் மூவர் கொண்ட இலஞ்ச ஊழல் ஆணைக்குழு வந்தது. ஆனால் யாராவது முறையிட்டால்தான் அது விசாரிக்க முடிந்தது. நாளிதழில் வந்த செய்தியையோ கணக்காய்வு அறிக்கையையோ தானாக எடுத்து விசாரிக்கும் உரிமை 2015இல் அரசியலமைப்பின் பத்தொன்பதாவது திருத்தத்தோடுதான் கிடைத்தது. இருபது ஆண்டுக் காலம், கண்டவர் ஓரிடம், கையில் அதிகாரம் உள்ளவர் இன்னோரிடம்.

திருகோணமலையில் அந்த ஆண்டுகளில் பல போர் ஆண்டுகள். மூதூர் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலும் செலவழித்த பணத்துக்கான வேலையை நேரில் அளந்து பார்ப்பது 2006, 2007 வரை எளிதாக இருக்கவில்லை. அதற்கிடையே 2004 டிசெம்பர் 26இல் கிண்ணியாவையும் மூதூரையும் குச்சவெளியையும் கடல் அழித்தது. உதவிப் பணம் வெள்ளமாக வந்தது. கணக்காய்வாளர் தலைமை அதிபதி எஸ்.சி. மாயாதுன்ன 2005இல் ஓர் இடைக்கால அறிக்கை எழுதினார். அனர்த்த நிவாரணம் முடியும்வரை காத்திராமல், பணம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாட்டுக்குக் கணக்குச் சொன்ன அந்தத் துணிவு பாராட்டத்தக்கது.

2006இல் பணம் தூயதாக்கல் தடைச் சட்டமும் நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டமும் வந்தன. பத்து லட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட காசுக் கொடுக்கல் வாங்கலை வங்கி அறிவிக்க வேண்டும். இப்போது புலனாய்வாளர் உறுதிச்சீட்டில் தொடங்கி வங்கிக் கணக்கு வரை பணத்தின் பின்னாலேயே போகலாம். 2015 பெப்ரவரி 27 பிணைமுறி விவகாரம் இதன் பெரிய பரீட்சை. நூறு கோடி ரூபாவுக்கு அறிவித்த ஏலத்தில் மத்திய வங்கி ஆயிரம் கோடி ரூபாவுக்கு முறிகளை ஏற்றது. கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கை 2016இல் நாடாளுமன்றத்தின் கோப் குழுவுக்கு (பொது முயற்சிகள் பற்றிய குழு) போனது. ஜனாதிபதி ஆணைக்குழு 2017இல் அமர்ந்தது. அங்கே முதன்மை வணிகர் நிறுவனத்தின் தொலைபேசி உரையாடல் பதிவுகளும் சாட்சியாக ஒலித்தன. காகிதத்தில் மட்டும் தேடிய காலம் அத்தோடு போயிற்று.

2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் பாலத்தின் பெரிய தூண். நகரசபை, பிரதேச சபைக் கணக்குகளில் இழப்பை உரிய ஆளிடமே அறவிடும் மிகைக்கட்டண முறை நெடுங்காலமாக இருந்தது. இந்தச் சட்டம் அதை அரச திணைக்களங்களுக்கும் கொண்டுவந்தது. மோசடிக்கு வெளிப்படைச் சான்று கண்டால் பொலிஸுக்கும் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கும் அனுப்பவும் வழிவிட்டது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பழைய இலஞ்சச் சட்டத்தையும் சொத்து வெளிப்படுத்தல் சட்டத்தையும் ஒன்றாக்கியது. குற்றத்தில் ஈட்டிய சொத்துகளைப் பறிமுதல் செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. அதே ஏப்ரலில் கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஓய்வுபெற்றார். நிரந்தர நியமனம் மாதக்கணக்கில் இழுபட்டது. சட்டம் கூர்மையானபோது அதைப் பிடிக்கும் கை இல்லாமலிருந்ததைச் சிறிய நிர்வாகத் தாமதமாகப் பார்க்க முடியாது.

தமிழ்நாட்டில் மாநில அரசுக்கெனத் தனி ஊழல் தடுப்பு இயக்ககம் 1964இல் வந்தது. அதன் அதிகாரிகள் மாநிலப் பொலிஸார். திருகோணமலையைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு மாகாண சபைக்கு அப்படி ஒன்று இல்லை. பதின்மூன்றாவது திருத்தம் எழுதிவைத்த பொலிஸ் அதிகாரம் மாகாணத்துக்கு வந்து சேரவில்லை. உள்ளகக் கணக்காய்வுப் பிரிவு ஐயவினா எழுப்பும்; திணைக்களத் தலைவர் பதில் எழுதுவார்; குற்றமென்று தோன்றினால் கோப்பு கொழும்புக்குப் போகும். அந்த ஐயவினாக்களையும் கணக்காய்வு அறிக்கையையும் மக்கள் பிரதிநிதிகள் வைத்து விசாரிக்க வேண்டிய மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் இறுதியில் முடிந்தது. அதற்குப் பிறகு அங்கே தேர்தல் நடக்கவில்லை. அறிக்கைகள் ஆண்டுதோறும் தமிழிலும் வெளியாகின்றன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளை அழைத்துக் கேள்வி கேட்கும் உறுப்பினர் ஒருவரும் மாகாணத்தில் இல்லை.