கைக்குழந்தையின் பாஸ்போர்ட் (இந்தியா)

இந்தியக் குழந்தை வெளிநாடு செல்ல அதற்கெனத் தனி பாஸ்போர்ட் வேண்டும். பிறந்து சில வாரமே ஆன சிசுவுக்கும் விலக்கில்லை. பெற்றோரின் பாஸ்போர்ட்டிலேயே பிள்ளைகளின் பெயரைச் சேர்க்கும் வழக்கம் முன்பு பல நாடுகளில் இருந்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் ‘ஆளுக்கொரு பாஸ்போர்ட்’ நெறி பரவியதும் அது மறைந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 ஜூன் 26 முதல் அத்தகைய பதிவு செல்லாது. பால்குடிக்கும் பிள்ளைக்கு இத்தனை காகிதமா என்று சலித்துக்கொள்வோர் உண்டு. ஆனால் விண்ணப்பத்தில் கேட்கப்படுபவற்றைக் கூர்ந்து பார்த்தால், குழந்தையைப் பெற்றோரோடு ஒட்டிய ஒன்றாகக் கருதாமல் தனி ஆளாக அரசு ஏற்பதே அவற்றின் அடிப்படை என்பது புலப்படும். அந்தக் கெடுபிடிகளில் பெரும்பாலானவை குழந்தையின் பக்கம் நிற்பவை.

முதல் ஆவணம் பிறப்புச் சான்றிதழ். 2025 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விதிகளின்படி, 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களின் பிறந்த தேதிக்கு வேறு எந்தச் சான்றும் ஏற்கப்படாது. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1969ஆம் ஆண்டுச் சட்டம். பெயர் சூட்டும் முன்பே பதிவதால் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது நம் ஊரில் சாதாரணம். ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துவிடலாம். தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு இங்கே இன்னொரு சிக்கல் இன்ஷியல். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை அல்லது தாய் பெயரின் முதலெழுத்தே போதுமானது. பாஸ்போர்ட் விண்ணப்பமோ அதை விரித்தெழுதச் சொல்கிறது. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம்தான். ஆனால் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் கட்டுப்பாடு விதித்ததை மறக்கக் கூடாது. ஆகவே சான்றிதழில் பெயர் ஏறும்போதே விரித்த வடிவத்தையும் ஆங்கில எழுத்துகளையும் முடிவு செய்துவிடுவது நல்லது. ஓர் ‘எச்’ கூடினாலோ குறைந்தாலோ, பின்னால் பள்ளிச் சான்றிதழ் வரை அந்த வேறுபாடு அந்தப் பிள்ளையைத் துரத்தும்.

அடுத்தது பெற்றோர் இருவரின் சம்மதம். ‘இணைப்பு டி’ என்ற உறுதிமொழியில் இருவரும் கையெழுத்திட வேண்டும். இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம்: கணவன் விட்டுச்சென்ற பெண் யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவாள்? நியாயமான கேள்வி. ஆனால் சம்மதமே வேண்டாம் என்று விதியைத் தளர்த்தினால், பிரிந்து வாழும் பெற்றோரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையைக் கடல்கடந்து கொண்டுபோய்விட முடியும். குழந்தைக் கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. எனவே அதன் வழியாகப் பிள்ளையைத் திரும்பக் கோர முடியாது. புறப்படும் முன் கேட்கப்படும் அந்தக் கையெழுத்துக்கு இதனால்தான் இவ்வளவு மதிப்பு. தனித்து வளர்ப்பவர்களுக்கு வழி அடைக்கப்படவும் இல்லை. மணமாகாத தாய், தந்தையின் பெயரை வெளியிடாமலே காப்பாளராகலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாஸ்போர்ட்டுக்குத் தந்தையின் பெயர் கட்டாயமல்ல என்று 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. அந்த ஆண்டு டிசம்பரில் விண்ணப்பத்துக்குப் பெற்றோரில் ஒருவர் பெயரே போதும் என்று விதியும் மாறியது. மற்றவரின் சம்மதம் கிடைக்காதபோது, காரணத்தைக் குறிப்பிட்டு ‘இணைப்பு சி’ தரலாம். இந்த வழி இருப்பது பல தாய்மாருக்குத் தெரியாமலே போவதுதான் உண்மையான குறை. சேவை மையங்களே முன்வந்து இதைச் சொல்ல வேண்டும்.

கட்டணம் 1,000 ரூபாய். எட்டு வயதுக்குட்பட்டோரின் புதிய விண்ணப்பத்துக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி. நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தைக் கொண்டுசெல்ல வேண்டும். தலை நிற்காத பிள்ளையை வெள்ளைத் துணியில் மல்லாக்கப் படுக்கவைத்து, நிழல் விழாமல் மேலிருந்து எடுப்பதே வசதி. தாங்கும் கை படத்தில் தெரியக் கூடாது. கையெழுத்துக்குப் பதில் குழந்தையின் கட்டைவிரல் ரேகைதான். பெற்றோர் அதன் சார்பில் கையெழுத்திடக் கூடாது. ஆறு மாதத்தில் முகமே மாறிவிடுமே, இந்தப் படத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். சிறார் பாஸ்போர்ட்டின் ஆயுள் ஐந்தாண்டோ 18 வயதோ, எது முந்துகிறதோ அதுவரைதான், பெரியவர்களுக்குப் பத்தாண்டு. கைக்குழந்தைக்கு ஐந்தாண்டும் நீளம் என்பது உண்மையே. தோற்ற மாற்றத்தைக் காரணம் காட்டி அதற்குள் மறுபாஸ்போர்ட் பெற இடமுண்டு. நீண்ட பயணத்துக்கு முன் மூன்று வயதுப் பிள்ளையின் பெற்றோர் அதைச் செய்துகொள்வது தகும்.