வழவழப்பின் வம்சாவளி: முகப்பட டச்சிங்கில் பென்சில், ஏர்பிரஷ், மென்பொருள்

முகப்படங்களை மென்பொருளில் திருத்தக் கற்றுத்தரும் எவரும் இன்று முதலில் சொல்வது, திருத்தியது தெரியக் கூடாது என்பதைத்தான். பரு போகலாம், தோலின் துளைகள் போகக் கூடாது. கண்ணடிக் கருவளையம் மங்கலாம், மறையக் கூடாது. இந்த அறிவுரைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு எளிமையானது: கணினி வந்த புதிதில் எல்லாரும் அளவு மீறினார்கள், முகங்கள் பிளாஸ்டிக் பொம்மைகளாயின, பிறகு ரசனை முதிர்ந்து அடக்கம் வந்தது. இந்தக் கதையில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பிளாஸ்டிக் முகம் எங்கிருந்து வந்தது என்பதை விளக்குவதில்லை. கணினிக்கு முன்பே நூறாண்டுக்கு மேற்பட்ட டச்சிங் அனுபவம் தொழிலில் இருந்தது. அந்த அனுபவம் ஏன் மென்பொருளுக்குள் வரவில்லை? மென்பொருள் சுவீகரித்தது நெகட்டிவில் வேலை செய்த பென்சிலை அல்ல, பிரிண்டின் மேல் வேலை செய்த ஏர்பிரஷை என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் விடை. இயல்பான டச்சிங் என்று இன்று சொல்லப்படுவது, பென்சில்காரர்களின் தத்துவத்தைச் சுற்றுவழியில் மீட்டெடுத்ததுதான்.

தொடக்கம் 1855. பாரிஸ் உலகக் கண்காட்சியில், மியூனிக் நகரத்தில் கல்லச்சுக் கலைஞராகப் பெயர்பெற்றுப் பிறகு புகைப்படத்துக்கு வந்த ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டாங்கல், நெகட்டிவிலேயே திருத்தம் செய்த ஒரு முகப்படத்தைத் திருத்துவதற்கு முந்தைய படத்தோடு சேர்த்து வைத்தார், கூட்டம் திரண்டது. புகைப்பட வரலாற்று நூல்கள் இதை ஆணவத்துக்குக் கிடைத்த தீனியாகவே பெரும்பாலும் எழுதுகின்றன. அன்றைய கண்ணாடித் தகடுகளின் வேதியியலைப் பார்த்தால் வேறொன்று புலப்படும். 1851-இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறைத் தகடு நீல ஒளிக்கே நன்றாக இசைந்தது; சிவப்பை அது ஏறக்குறைய காணவே இல்லை. கன்னத்தின் இளஞ்சிவப்பு, மூக்கின் மேலுள்ள செம்புள்ளிகள், ஆறிக்கொண்டிருக்கும் பருவின் தழும்பு ஆகிய எல்லாம் பிரிண்டில் கறுப்பாக விழுந்தன. நேரில் பார்த்தவர் கவனித்திராத புள்ளி, படத்தில் அம்மை வடுவாகத் தெரிந்தது. 1873-இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் சாயம் சேர்த்துத் தகட்டைப் பச்சைக்கும் இணங்க வைத்தார். சிவப்பையும் காணும் பான்குரோமேட்டிக் தகடுகள் 1906-இல்தான் வணிகத்துக்கு வந்தன. ஆக, முதல் அரை நூற்றாண்டு டச்சிங்கில் கணிசமான பங்கு, தகடு சொன்ன பொய்யைத் திருத்தும் வேலை. டச்சிங் என்றாலே உண்மையிலிருந்து விலகுவது என்ற எண்ணம், மூலப்படம் உண்மையானது என்று எடுத்துக்கொள்வதால் வருகிறது.

பென்சில் வேலை நடந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சாய்வான சட்டத்தில் நெகட்டிவை வைத்து, கீழிருக்கும் கண்ணாடி சன்னல் வெளிச்சத்தை மேலே அனுப்பும்படி அமைத்துக்கொள்வார்கள். வழுக்கும் பரப்பில் பென்சில் பிடிக்காது என்பதால் பிசின் கலந்த ஒரு திரவத்தைத் துணியில் தொட்டுத் தேய்த்துப் பரப்புக்குப் பிடிமானம் கொடுப்பார்கள். கெட்டியான பென்சிலை உப்புத்தாளில் தீட்டி ஊசிமுனை ஆக்குவார்கள். பிரிண்டில் கறுப்பாக விழும் சுருக்கமோ புள்ளியோ நெகட்டிவில் வெளிர் இடமாக இருக்கும். அந்த இடத்தை மட்டும் கால்புள்ளி போன்ற சிறு கீற்றுகளாலும் புள்ளிகளாலும், சுற்றியுள்ள அடர்த்தியோடு ஒத்துப்போகும்வரை நிரப்ப வேண்டும். இதில் இரண்டு கட்டாயங்கள் இருந்தன. பென்சிலால் பிரிண்டை வெளிறச் செய்ய மட்டுமே முடியும்; கறுக்க வேண்டுமானால் கத்தியால் சுரண்ட வேண்டும், அது எல்லாருக்கும் கைவராது. இரண்டாவது, கீற்றுகள் நெகட்டிவின் கிரெய்னோடு கலந்துபோக வேண்டும். கோடு கோடாகத் தெரிந்தால் வேலை தோற்றது. இதன் விளைவு, நல்ல கைகளில், ஒளிநிழலின் ஏற்றத்தாழ்வு சமனாகியும் பரப்பின் சொரசொரப்பு அப்படியே நிற்பது. தோலின் நிறத்தையும் தோலின் நெசவையும் தனித்தனியே கையாள்வது என்ற தத்துவம் எந்தக் கோட்பாடாகவும் எழுதப்படாமல், கருவியின் கட்டாயத்தாலேயே தொழிலுக்குள் குடியேறியது.

பென்சில் காலத்து முகங்களும் வழவழவென்று இருந்தனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1870, 80-களின் கேபினட் அட்டைப் படங்களில் ஐம்பது வயதுக்காரரின் நெற்றி வழித்த பளிங்காக இருப்பதை எவரும் பார்க்கலாம். 1889-இல் ‘நேச்சுரலிஸ்டிக் போட்டோகிராஃபி’ எழுதிய பி.எச். எமர்சன் டச்சிங்கையே, புகைப்படத்தை மட்டமான ஓவியமாக மாற்றும் வேலை என்ற பொருளில் சாடினார். ஜூலியா மார்கரெட் கேமரன் டச்சிங்கை ஏற்கவில்லை. ஜெர்மனியில் ஆகஸ்ட் சாண்டர் 1920-களில் டச்சிங்கைக் கைவிட்டு, தொழில்நுட்பப் படங்களுக்கான பளபளப்புத் தாளில் முகங்களை அச்சிட்டார். ஆகவே பென்சில் தன்னளவில் புனிதமானதல்ல. ஆனால் அதில் அளவு மீறுவதற்கு உழைப்பு தேவைப்பட்டது. நெற்றி முழுவதையும் பளிங்காக்க ஒருவர் மணிக்கணக்கில் கீற்றிட வேண்டும்; சோம்பல் அவரைக் குறைவான டச்சிங்கின் பக்கமே தள்ளும். ஹாலிவுட்டில் ஜார்ஜ் ஹரல் எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிமில் ஒப்பனையின்றி எடுத்த ஜோன் கிராஃபோர்டின் செம்புள்ளி நிறைந்த முகம், ரசிகர்கள் கையில் ஒரு புள்ளியும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது என்றால், அதன் பின்னால் சம்பளம் வாங்கிய ஒருவரின் நீண்ட பென்சில் உழைப்பு இருந்தது. அத்தகைய உழைப்பு நட்சத்திரத்துக்குக் கட்டுப்படியாகும், தெருமுனை ஸ்டுடியோவுக்கு ஆகாது.

சோம்பலின் திசையை மாற்றியது ஏர்பிரஷ். அமெரிக்காவில் 1870-களின் இறுதியில் பிறந்து, 1893-இல் சார்ல்ஸ் பர்டிக் செம்மைப்படுத்திய இக்கருவி, சாயத்தைக் காற்றோடு கலந்து பிரிண்டின் மேல் தூவியது. தூவப்பட்ட சாயத்துக்கு கிரெய்ன் கிடையாது. கீழே இருக்கும் கிரெய்னையும் அது மூடிவிடும். இங்கே பரப்பு முழுவதையும் வழவழப்பாக்குவதுதான் சுலபம். ஒரு சுருக்கத்தை மட்டும் சுற்றுப்புறத்தோடு ஒட்ட வைப்பதுதான் கடினம். விளம்பரப் படங்களிலும் பத்திரிகை அச்சிலும் இது வேரூன்றிய அதே காலத்தில், பென்சிலின் களம் சுருங்கிக்கொண்டிருந்தது. 1925-இல் லைகா சந்தைக்கு வந்ததை அடுத்து நெகட்டிவின் அளவே 24க்கு 36 மில்லிமீட்டராகக் குறைந்தது. முழு உருவப் படத்தில் முகம் சில மில்லிமீட்டர். அங்கே எந்த ஊசிமுனையும் வேலை செய்யாது. பெரிய ஃபிலிமை விடாமல் வைத்திருந்த ஸ்டுடியோக்களில், தமிழ்நாட்டிலும், நெகட்டிவ் டச்சிங் செய்பவர் தனி ஆளாகவே நீடித்தார். கலர் ஃபிலிம் பரவியதும் அங்கும் அந்த மேசை ஓரங்கட்டப்பட்டது. அறிவு மறைந்ததற்குக் கணினி காரணமல்ல. கணினி வந்தபோது அறிவாளிகள் ஏற்கெனவே ஓய்வுபெற்றுக்கொண்டிருந்தார்கள்.

1990-இல் ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு வந்தபோது கருவிப்பெட்டியில் ஏர்பிரஷ் அந்தப் பெயரிலேயே இடம்பெற்றது. குளோன் செய்யும் ரப்பர் ஸ்டாம்பும் பிளர் ஃபில்டர்களும் கூடவே இருந்தன. 1994-இல் மூன்றாம் பதிப்பு லேயர்களைக் கொண்டுவந்தது. இவற்றைச் சேர்த்து உருவான தொண்ணூறுகளின் முகத் திருத்தம் எல்லாருக்கும் தெரிந்ததே: லேயரைப் பிரதியெடுத்து, முழுவதையும் பிளர் செய்து, கண், உதடு, புருவத்தை மட்டும் அழித்து மூலத்தைத் தெரியவிடுவது. தூரிகைக்குப் பதில் கணக்கு செய்த ஏர்பிரஷ் வேலைதான் இது. ஆங்கிலப் பத்திரிகைகள் கணினியில் திருத்திய நடிகையின் படத்தையும் ஏர்பிரஷ் செய்தது என்றே குறிப்பிட்டு வந்தது வெறும் பழக்கதோஷம் என்று தோன்றவில்லை.

திருப்பம் 2002-இல் வந்த ஏழாம் பதிப்பு. அதில் வந்த ஹீலிங் பிரஷ், எடுக்கும் இடத்திலிருந்து தோலின் நெசவை மட்டும் கொண்டுவந்து, வைக்கும் இடத்தின் நிறத்தோடும் வெளிச்சத்தோடும் பொருத்தியது. அதே பதிப்பில் ஏர்பிரஷ் தனிக் கருவி என்ற அந்தஸ்தை இழந்து சாதாரண பிரஷின் ஒரு விருப்பத்தேர்வாக ஒடுங்கியது. அதுவரை ஏர்பிரஷுக்கு இருந்த ‘ஜே’ விசை ஹீலிங் பிரஷுக்குப் போனது. வரலாறு இவ்வளவு வசதியாகக் குறியீடு தருவது அபூர்வம். இதன் கணித வேர் இன்னும் பழையது. 1983-இல் பீட்டர் பர்ட்டும் எட்வர்ட் ஏடல்சனும் ஒரு படத்தைக் கரடான அடுக்கு முதல் நுண்ணிய அடுக்கு வரை பிரித்து, ஒவ்வோர் அடுக்கையும் தனியே ஒட்டவைக்கும் முறையை வெளியிட்டார்கள். பாதி ஆப்பிளும் பாதி ஆரஞ்சும் தையல் தெரியாமல் ஒன்றான பழம் அவர்கள் காட்டிய உதாரணம். டச்சிங் செய்வோர் ஃபிரீக்வென்சி செப்பரேஷன் என்று அழைப்பது இதன் இரண்டடுக்கு எளிய வடிவம். கீழ் லேயரைத் துளைகள் கரையும் அளவுக்கு மட்டும் பிளர் செய்து, மூலத்திலிருந்து அதைக் கழித்து வரும் நுண்விவரத்தை மேல் லேயராக லீனியர் லைட் முறையில் வைத்தால், இரண்டும் சேர்ந்து மூலப்படமே திரும்பக் கிடைக்கும். பிறகு கருவளையத்தைக் கீழே திருத்தலாம், பருவை மேலே எடுக்கலாம். ஒன்று மற்றதைத் தொடாது. ஜிம்ப் 2018-இல் வெளியிட்ட 2.10 பதிப்பில் இத்தகைய பிரிப்பை வேவ்லெட் ஃபில்டராக உள்ளேயே சேர்த்தது.

இதற்கு எதிராக டச்சிங் தொழிலுக்குள்ளிருந்தே ஒரு வலுவான மறுப்பு உண்டு: ஃபிரீக்வென்சி செப்பரேஷன் செய்த படங்களும் போலியாகத்தானே இருக்கின்றன? இருக்கின்றன. கீழ் லேயரை லாசோவில் வளைத்து வளைத்து பிளர் செய்பவர், துளைகளைக் காப்பாற்றிக்கொண்டு முகத்தின் வடிவத்தைத் தொலைக்கிறார். கன்ன எலும்பிலிருந்து தாடைக்கு இறங்கும் நிழல் தட்டையாகி, தட்டை முகத்தின் மேல் தோல் ஒட்டியது போலாகிறது. அதனால்தான் தேர்ந்தவர்கள் பலர் டாட்ஜ் அண்டு பர்னையே நம்புகிறார்கள்: கர்வ்ஸ் லேயர் இரண்டை வைத்து, ஒன்றால் வெளிறவும் மற்றதால் கறுக்கவும் செய்து, புள்ளி புள்ளியாகச் சமன்படுத்துவது. இந்த மறுப்பு என் வாதத்தைக் கெடுக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. டாட்ஜ் அண்டு பர்ன், கத்தியின் பயிற்சி தேவைப்படாத பென்சில் வேலையேதான். அதிலும் சோம்பல் குறைவான டச்சிங்கின் பக்கமே சாயும்.

இன்னும் கடினமான மறுப்பு அறம் சார்ந்தது. பிளாஸ்டிக் முகத்தைப் பார்த்தால் பொய் என்று தெரிந்துவிடும். துளைகளோடு நிற்கும் முகத்தை நம்பிவிடுவோம். அப்படியானால் இயல்பான டச்சிங்தானே பெரிய ஏமாற்று? இதில் ஒரு பகுதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நெசவைக் காப்பது நிறத்தைக் காப்பதாகாது. 1994-இல் ஓ.ஜே. சிம்ப்சனின் காவல்துறைப் படத்தை ‘டைம்’ இதழ் அட்டையில் கறுக்கச் செய்தபோது சிக்கல் நெசவில் இல்லை, நிறத்தில் இருந்தது. மணப்பெண் படத்தின் நிறத்தை இரண்டு படி ஏற்றித்தரும் நம்மூர்ப் பழக்கமும் துளைகளில் கை வைக்காமலே நடக்கக்கூடியது. விளம்பரத்தைப் பொறுத்தவரை, தோலையோ உடலின் அளவையோ மாற்றிய படத்துக்கு அடையாளக் குறியிட வேண்டும் என்று 2022 ஜூலை முதல் நடைமுறைப்படுத்திய நார்வேயின் சட்டம், திருத்தம் இயல்பாகத் தெரிகிறதா என்று கேட்பதில்லை, கேட்காததுதான் சரி. ஆனால் ஸ்டுடியோவுக்கு வந்து தன் படத்தைத் தானே கேட்டு வாங்குபவர் யாரையும் ஏமாற்றவில்லை. மத்தியப் பிரதேச நகரமான நாக்டாவின் ஸ்டுடியோக்களை ஆராய்ந்த கிறிஸ்டோஃபர் பின்னி, ‘கேமரா இண்டிகா’ நூலில், அங்குள்ளவர்கள் அன்றாட முகத்தின் சாட்சியத்தை அல்ல, அதைவிட மேலாக வெளிப்படுவதையே படத்திடம் எதிர்பார்க்கிறார்கள் என்று காட்டுகிறார். அவர்களிடம் இயல்பு என்ற அளவுகோலை நீட்டுவது அதிகப்பிரசங்கித்தனம். நெசவா நிறமா என்பது கைத்தொழிலின் கேள்வி. யாருக்காக, யார் சம்மதத்தோடு என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு நல்ல விடை இருப்பதாலேயே இரண்டாவதும் தீர்ந்துவிட்டதாக நினைக்கும் குழப்பம் டச்சிங் பாடங்களில் பரவலாக இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்த வம்சாவளி முடிந்துவிட்டதா என்றால், சோம்பலின் திசையைக் கவனிக்க வேண்டும். 2020-இல் ஃபோட்டோஷாப்பில் சேர்ந்த நியூரல் ஃபில்டர்களில் தோலுக்கானது முகத்தைத் தானே கண்டுபிடிக்கிறது, கண்ணையும் உதட்டையும் தானே ஒதுக்கிவிடுகிறது. பயன்படுத்துபவர் கையில் மிஞ்சுவது இரண்டு ஸ்லைடர்கள்: ஒன்று பிளர், மற்றது ஸ்மூத்னெஸ். நெசவுக்கென்று ஒரு ஸ்லைடர் அதில் இல்லை. வேண்டியவர்கள் விளைவைத் தனி லேயரில் வாங்கி, ஒபாசிட்டியைக் குறைத்து, மூலத்தின் துளைகளை மாஸ்க் போட்டுத் தாங்களே மீட்டுக்கொள்கிறார்கள்.