பிடில் சம்மணமிட்ட கதை

நீடாமங்கலம் என்றால் சங்கீதக்காரர்களுக்குத் தவில்தான் ஞாபகம் வரும். மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949) அப்படி வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். நான் சொல்ல வந்தது பிடிலைப் பற்றி. தவிலைப் போல அது இந்த மண்ணில் பிறந்ததல்ல, வந்து குடியேறியது.

பிறந்த இடம் வட இத்தாலி. கிரெமோனாவில் 16ஆம் நூற்றாண்டில் அமாத்தி குடும்பத்தார் அதற்கு உருக்கொடுத்தார்கள். 1600க்கும் 1750க்கும் இடைப்பட்ட பரோக் காலம் அதற்கு வாலிபம். தந்திகள் ஆட்டுக்குடலில் முறுக்கியவை. தாடைக்கட்டை கிடையாது, மார்பிலோ தோளெலும்பை ஒட்டியோ சாய்த்து வாசித்தார்கள். ஓர் உருப்படி கேட்பவர் மனத்தில் ஒரு பாவத்தை எழுப்பவேண்டும், சோகமென்றால் கடைசிவரை சோகம், அதுதான் அன்றைய கொள்கை. ராக பாவத்துக்குப் பழகிய காதுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ரோமாபுரியில் கொரெல்லி 1700இல் வெளியிட்ட சொனாட்டாக்களில் விளம்பப் பகுதிகளுக்கு அச்சில் இருந்தது பெரும்பாலும் வெறும் ஸ்வரக்கூடு. சங்கதி போட்டு நிரப்புவது வாசிப்பவர் பாடு. அவருடைய சிஷ்யர் ஜெமினியானி 1751இல் லண்டனில் ஒரு பிடில் பாடப்புத்தகம் போட்டார். விரலால் ஸ்வரத்தை அசைப்பது பற்றி அதில் எழுதுகிறார்: நாதத்தைப் படிப்படியாகப் பெருக்கி நீளமாக அசைத்தால் கம்பீரம்; குறுக்கி, மெல்ல அசைத்தால் துயரம், பயம். கமகத்துக்கு வெள்ளைக்காரர் எழுதிய இலக்கணம் என்றே எனக்குப் படுகிறது.

அந்த வருஷம் தஞ்சையை ஆண்டவர் பிரதாபசிம்மர். அவருடைய ராணி யமுனாம்பாள் பெயரில் அமைந்ததுதான் நீடாமங்கலம் சத்திரம். ஆனால் நம் கச்சேரிக்குள் பிடில் நுழைய இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

கிழக்கிந்தியக் கும்பினியாரோடு அது சென்னைக் கோட்டைக்கு வந்து சேர்ந்திருந்தது. திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி (1786–1859), சென்னையை அடுத்த மணலியில் இருந்த நாளில் ஓர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு அதை நம் பாட்டுக்குத் திருப்பினார். தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி அரண்மனையிலேயே மேல்நாட்டு பேண்டு வைத்திருந்தார். தஞ்சை நால்வரில் கடைக்குட்டி வடிவேலுவின் பிடிலில் மயங்கி, 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தில் ஒரு பிடில் பரிசளித்தார். வடிவேலு சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் கற்றதாக இன்னமும் எழுதுகிறார்கள். பாதிரியார் காலமானது 1798இல், வடிவேலு பிறந்தது 1810இல்!

இதற்குள் ஐரோப்பாவில் பிடில் மாறத் தொடங்கியிருந்தது. பெரிய அரங்குகளுக்கு எட்டவேண்டுமென்று கழுத்தை நீட்டினார்கள். 1820 வாக்கில் ஜெர்மானியர் ஷ்போர் தாடைக்கட்டையைச் சேர்த்தார். இங்கே அது வேறு வழியில் போயிற்று. வித்வான் சம்மணமிட்டு, பிடிலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, அடியை மார்பில் சாய்த்தார். இரண்டு முனையும் ஊன்றிவிட்டதால் இடது கை எதையும் தாங்கவேண்டியதில்லை. தந்திகளை ச–ப–ச–ப என்று கூட்டினார்கள். தோடி காந்தாரத்தை வாசிக்கும்போது அந்த விரலைப் பாருங்கள்: ஓரிடத்தில் நிற்பதே இல்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடும். தடையில்லாமல் வழுக்க, சிலர் விரல்நுனியில் எண்ணெய் தொட்டுக்கொள்வார்கள்.

இந்த வழுக்கலை நாகஸ்வரத்தைக் கேட்டுத்தான் பிடில் பிடித்திருக்கும் என்பது என் கட்சி. ராத்திரி முழுக்க சுவாமி புறப்பாட்டில் ஆலாபனை கேட்டு வளர்ந்த ஊர்களில் வேறெப்படி நடந்திருக்கும்? வாங்கியதைத் திருப்பியும் கொடுத்தது. பிடில் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் (1857–1913) பாட்டு கற்ற ஒரு சிறுவன்தான் பின்னாளில் நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அவருடைய தோடிக்காக ஊரே திரண்டது. அவருக்குத் தவில் வாசித்தவர்களில் நீடாமங்கலத்தாரும் உண்டு.

1969இல் பெல்ஜியத்துப் பிடில்காரர் சீகிஸ்வால்ட் குய்கன், பரோக் உருப்படிகளைப் பழைய முறைப்படி வாசிப்பதற்காகத் தாடையால் பிடிப்பதை விட்டுவிட்டார். அங்கே அது பெரிய புரட்சி. நம் வித்வான்களின் பிடிலில் பலவற்றில் தாடைக்கட்டை இன்னும் இருக்கிறது. கடையில் வாங்கும்போதே மாட்டி வருவது, யாரும் கழற்றுவதில்லை.