ஹளார்: தென்வானில் அரபுப் பெயர் தாங்கிய நீல நட்சத்திரம்

மே மாதக் கடைசியில் இஷா தொழுகை முடிந்து, இரவு ஒன்பதரை மணியளவில் திருவண்ணாமலையில் தெற்கு நோக்கி நின்றால், அடிவானத்துக்குச் சற்று மேலே இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் அருகருகே தெரியும். இடப்பக்கம் இருப்பது ஆல்ஃபா சென்டாரி. வலப்பக்கம் நீலவெண்மையாக மின்னுவது பீட்டா சென்டாரி. அதன் அரபுப் பெயர் ஹளார். இந்தப் பெயரையே 2016-ல் சர்வதேச வானியல் ஒன்றியமும் முறைப்படி ஏற்றது. இன்னும் வலப்புறம் பார்த்தால் தென்சிலுவை கிடைக்கும்.

உச்சத்தில் இருக்கும்போதும் ஹளார் இங்கே 17 பாகை உயரத்தைத்தான் எட்டும். எனவே அண்ணாமலையின் வடபுறத்தில் நின்று தேட வேண்டாம், மலை மறைத்துவிடும். நகருக்குத் தெற்கே வயல்வெளிப் பக்கம் போவது நல்லது. மக்காவில் இது 8 பாகைதான் எழும். டெல்லியில் வெறும் ஒரு பாகை என்பதால் பார்த்தவர் அரிது.

அரபியர் ஹளார், வஸ்ன் என்று இரு நட்சத்திரங்களைச் சேர்த்தே சொல்வார்கள். அவர்கள் ஆவலோடு எதிர்பார்த்தது சுஹைலை, அதாவது நாம் அகத்திய நட்சத்திரம் என்பதை. அதற்கு முன்பே இவை உதித்துவிடும். கண்டவர் "இதுதான் சுஹைல்" என்று சத்தியம் செய்வார், இன்னொருவர் மறுத்துச் சத்தியம் செய்வார். அதனால் இவற்றுக்குச் 'சத்தியம் செய்ய வைப்பவை' என்றே பெயர் விழுந்தது. இத்தனைக்கும் அவர்கள் பொய்யர்கள் அல்லர், வானத்தோடு பழகியவர்கள். அடிவானத்தை ஒட்டிய ஒளி கண்ணை ஏமாற்றும். பிறை கண்டதாக வரும் சாட்சியத்தை, சொல்பவர் நல்லவர் என்று தெரிந்தும், திசை என்ன, உயரம் என்ன என்று ஜமாஅத்தார் துருவிக் கேட்பது ஏன் என்று இதிலிருந்து விளங்கும்.

கடலோடிகளுக்கு இந்த ஜோடி திசைகாட்டி. அரபு மாலுமிகள் அடிவானத்தை 32 பங்காகப் பிரித்து, நட்சத்திரங்கள் உதிக்கும், மறையும் இடங்களால் பெயரிட்டிருந்தார்கள். அதில் ஆல்ஃபா, பீட்டா சென்டாரி இரண்டுக்கும் 'ஹிமாரான்', இரு கழுதைகள், என்று பெயர். 15-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மாலுமி இப்னு மாஜித் பின்பற்றிய முறை இதுவே. தரையிலும் கடலிலும் இருளில் வழியறிய நட்சத்திரங்களை அமைத்ததாகக் குர்ஆன் (6:97) கூறுவதை அவர்கள் அன்றாடம் அனுபவித்தார்கள். நமக்கும் பயன் உண்டு: தெற்கு தெரிந்தால் மேற்கு தெரியும். மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 19 பாகை திரும்பினால் திருவண்ணாமலையின் கிப்லா.

ஜோடி என்பது நம் கண்ணுக்கு மட்டும்தான். ஆல்ஃபா 4.3 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் பக்கத்து வீடு. ஹளாரோ சுமார் 390 ஒளியாண்டுக்கு அப்பால். இன்று நாம் காணும் அதன் ஒளி, ஷாஜஹான் காலத்தில் புறப்பட்டது. அதுவும் ஒற்றை நட்சத்திரம் அல்ல. சூரியனைவிடப் பத்து மடங்குக்கு மேல் நிறை கொண்ட இரு பெரும் நட்சத்திரங்கள் 357 நாட்களுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. மங்கலான மூன்றாவது ஒன்று தொலைவில் உண்டு. மேற்பரப்பு வெப்பம் சுமார் 25,000 கெல்வின், நீலநிறத்துக்குக் காரணம் அதுவே. நிறை கூடினால் எரிபொருளும் வேகமாகத் தீரும். வயது ஒன்றரைக் கோடி ஆண்டுகூட ஆகவில்லை, அதற்குள் முதுமையை நெருங்கிவிட்டது. 460 கோடி ஆண்டு கடந்த நம் சூரியனுக்கு இன்னும் நடுவயது.

திருவண்ணாமலைக்கு வடமேற்கே, ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் அமைந்ததற்கும் தென்வானம் ஒரு காரணம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இருபுற வானமும் அங்கிருந்து எட்டும். 1960-களில் அந்த இடத்தைத் தேர்ந்தவர் வேணு பாப்பு. அவருடைய தந்தை, நவாப் ஸஃபர் ஜங் 1901-ல் ஹைதராபாத்தில் தொடங்கிய நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986-ல் பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது.

தொலைநோக்கி இல்லாமலும் ஹளாரைப் பார்க்கலாம். தேவை இருட்டு மட்டுமே. நகரின் விளக்கொளி முதலில் விழுங்குவது அடிவானத்தைத்தான், ஹளார் இருப்பதும் அங்கேதான். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஜூன் முடிவதற்குள் ஓரிரவு ஊருக்கு வெளியே போய்விடுங்கள், மேகம் கூடும் மாதங்கள் பின்னால் வருகின்றன.