டிரேஸ்பாயிண்ட்

ஓடும் நிரலை நிறுத்திவைக்காமல், அது ஒரு குறிப்பிட்ட வரியைக் கடக்கும்போதெல்லாம் முன்கூட்டியே சொல்லிவைத்த தரவுகளைப் பதிவுசெய்துகொள்ள டீபக்கரில் இடப்படும் குறி டிரேஸ்பாயிண்ட். பிரேக்பாயிண்ட் இட்டால் நிரல் அங்கேயே நின்று, புரோகிராமரின் அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். டிரேஸ்பாயிண்டில் நிரல் தன் போக்கில் ஓடும். சேர்ந்த பதிவுகளை ஓட்டம் முடிந்தபின் சாவகாசமாகப் பார்க்கலாம்.

நேரத்தோடு பிணைந்த வழுக்களுக்காகவே இது பிறந்தது. இரண்டு திரெட்கள் ஒன்றையொன்று முந்துவதால் வரும் கோளாறு, நிரலை நிறுத்திப் பார்க்கும்போது பெரும்பாலும் வராது. தேடப்போனால் மறையும் இத்தகைய வழுக்களைக் கணினியியலாளர் ஜிம் கிரே 1985இல் எழுதிய கட்டுரை ஒன்றில் 'ஹைசன்பக்' என்ற பெயரில் குறிப்பிட்டார். ஜிடிபி டீபக்கரின் டிரேஸ்பாயிண்ட் வசதி 1990களின் பிற்பகுதியில் சிக்னஸ் நிறுவனத்தில் உருவானது. அதை விளக்கிய மைக்கேல் ஸ்னைடரும் ஜிம் பிளாண்டியும் தங்கள் கட்டுரைத் தலைப்பிலும் இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் பெயரையே வைத்தார்கள். 2010இல் வெளிவந்த 7.2 பதிப்பில் ஜிடிபி சர்வருக்கும் இந்த வசதி கிடைத்தது. அதே ஆண்டு எக்லிப்ஸ் நிரலாக்கச் சூழலின் சி/சி++ கருவித்தொகுப்பான சிடிடி 7.0 இதற்கு வரைகலை முகப்பு தந்தது.

எக்லிப்ஸில் எடிட்டரின் இடது ஓரத்தில் வலது கிளிக் செய்து, பிரேக்பாயிண்ட் வகையைச் சி/சி++ டிரேஸ்பாயிண்ட் என்று மாற்ற வேண்டும். பிறகு வேண்டிய வரியில் இரட்டைக் கிளிக் செய்தால் குறி விழும். அதன் பண்புகள் பக்கத்தில் நிபந்தனையையும், எத்தனை முறை கடந்ததும் டிரேஸை முடிக்க வேண்டும் என்ற எண்ணையும் கொடுக்கலாம். நிரல் கணக்கிடும் வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் மட்டும் பதிவுசெய் என்பது போன்ற நிபந்தனை, பைட்கோடாக மாற்றப்பட்டு, நிரல் ஓடும் இலக்குக் கணினிக்கே அனுப்பப்படும். ஒவ்வொரு முறையும் டீபக்கரைக் கேட்டுக்கொண்டிருந்தால் நேரம் பிசகிவிடும் அல்லவா!

எதைச் சேகரிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் கலெக்ட், எவால்யுவேட், வைல்-ஸ்டெப்பிங் என மூன்று வகை உண்டு. ரெஜிஸ்டர்கள், ஆர்குமெண்ட்கள், லோக்கல் மாறிகள் ஒவ்வொரு தொகுதியையும் கலெக்டில் ஒற்றைச் சொல்லில் கேட்கலாம். நெட்வொர்க் பாக்கெட்டைக் கையாளும் ஃபங்ஷனில் 'பாக்கெட்' என்ற பாயிண்டர் இருப்பதாகக் கொள்வோம். லோக்கல் மாறிகளைச் சேகரித்தால் பதிவில் விழுவது அதன் முகவரி மட்டுமே. பின்னர் பாக்கெட்டின் நீளத்தைக் கேட்டால் 'அன்அவெய்லபிள்' என்றே பதில் வரும். பாயிண்டருக்கு முன் நட்சத்திரக் குறி இட்டு, அது சுட்டும் ஸ்ட்ரக்சரைத் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். அந்த ஸ்ட்ரக்சருக்குள் இன்னொரு பாயிண்டர் இருந்தால் அதையும். அழைப்புத் தொடரைப் பார்க்கவும் இதே கதைதான். ரெஜிஸ்டர்களோடு, ஸ்டாக் பாயிண்டரிலிருந்து ஒரு 300 பைட்டுகளையாவது சேகரித்திருந்தால் தொடரின் ஒரு பகுதி தெரியும். இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

அதற்காக அகப்பட்டதையெல்லாம் அள்ளவும் முடியாது. பதிவுகள் இலக்குக் கணினியின் டிரேஸ் பஃபரில் சேரும். அது நிரம்பினால் டிரேஸ் நின்றுவிடும். சுழல் பஃபராக அமைத்தால் பழைய பதிவுகள் அழிந்து புதியவை வரும். எப்போதாவது தலைகாட்டும் வழுவுக்கு இந்த இரண்டாவது முறையே ஏற்றது.

டிரேஸ் கண்ட்ரோல் காட்சியில் தொடக்கப் பொத்தானை அழுத்தினால் சேகரிப்பு தொடங்கும். முந்தைய ஓட்டத்தின் பதிவுகள் அப்போதே அழிந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. நிறுத்தியபின் பதிவுகளை முன்னும் பின்னும் புரட்டலாம். மாறிகள், ரெஜிஸ்டர்கள் ஆகிய காட்சிகள் நிரல் அந்தக் கணத்தில் நின்றிருப்பது போலவே மதிப்புகளைக் காட்டும். ஆனால் அவற்றை மாற்றி எழுத முடியாது.

செலவே இல்லாத வசதி அல்ல இது. சாதாரண டிரேஸ்பாயிண்டில் செயலி ஒரு டிராப்பில் விழுந்து மீள்கிறது. வேக டிரேஸ்பாயிண்ட் அதற்குப் பதிலாக ஒரு தாவல் கட்டளையை வைக்கிறது; எக்ஸ்86 செயலிகளில் அந்தத் தாவலுக்கு 5 பைட் தேவை என்பதால், பொதுவாக அதைவிடச் சிறிய கட்டளையின்மேல் அதை வைக்க முடியாது.

மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோவிலும் டிரேஸ்பாயிண்ட் என்ற பெயரில் ஒரு வசதி உண்டு. பிரேக்பாயிண்டின் சிவப்பு வட்டத்துக்குப் பதிலாகச் சிவப்பு வைரக் குறி. பெயர் ஒன்றென்றாலும் வேலை வேறு. நெளிவு அடைப்புக்குள் மாறியின் பெயரைக் கொடுத்தால் அதன் மதிப்பு அவுட்புட் சாளரத்தில் ஒரு செய்தியாக வரும், அவ்வளவே. பதிவுக்குத் திரும்பிச்சென்று வேறொரு மாறியைக் கேட்க அதில் வழியில்லை. விஷுவல் ஸ்டுடியோ கோட் 2018இலும் குரோம் 2019இலும் தந்த லாக்பாயிண்ட்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. ஜிடிபியின் பதிவுகளையோ கோப்பாகச் சேமித்து, வழு நேர்ந்த இயந்திரம் அருகில் இல்லாதபோதும் திறந்து ஆராயலாம்.